நெவியோவும் நடுப்பாதைக் கம்பமும்

அந்தக் கம்பத்தை வேரோடு பிடுங்கி எறிந்துவிடுவது என்று நெவியோ முடிவு செய்தபோது காலை மணி ஏழு. ஏழரைக்குள் வேலையை முடித்துவிட்டு வந்து காப்பி குடிப்பதாகத் திட்டம்.

இரும்புக் கம்பத்துக்கு வேர் கிடையாது. ஒரு ஆள் ஆழத்துக்கு சிமென்ட்தான் இருந்தது. ஆனால் கோபத்தில் இருப்பவர்கள் சிமென்டைப் பற்றி யோசிப்பதில்லை.

விஷயம் இதுதான். நெவியோவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு சரளைப் பாதை போகிறது. ஒரு காலத்தில் பாரென்சானா என்ற குட்டி ரயில் ஓடிய தடம். தண்டவாளத்தை அவர் பிறப்பதற்கு முன்பே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மலையைக் குடைந்த குகையும் பாலங்களும் வெள்ளைச் சரளையும் மட்டும் மிச்சம். ஓக் காடு வழியாக, திராட்சைத் தோட்டங்கள் வழியாக, மலைக்கே வலிக்காமல் அதைச் சுற்றிக்கொண்டு போகும் சாதுவான பாதை. பனி போனதும் ஜெர்மன்காரர்களும் ஸ்லோவேனியாக்காரர்களும் சைக்கிளோடு வந்துவிடுவார்கள். அவர்களுக்கு நடுவே, தார் காய்ச்சும் வண்டி போல் புகை விட்டுக்கொண்டு, நெவியோ முப்பது வருஷமாக அதில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஓட்டாமல் என்ன செய்வது? அவருடைய திராட்சைத் தோட்டம் குகைக்கு அந்தப் பக்கம் இருந்தது. பாதை வழியாகப் போனால் இரண்டரை கிலோமீட்டர். தார் ரோட்டில் போனால் மீர்னா ஆறு வரைக்கும் இறங்கி, பாலம் தாண்டி, மறுபடி ஏறி, பன்னிரண்டு.

ஏப்ரல் முதல் வெள்ளிக்கிழமை இரண்டு ஆட்கள் வந்தார்கள். அவர் வீட்டு வண்டி பாதையில் ஏறும் இடத்தில், நட்ட நடுவில், சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கம்பத்தை நட்டார்கள். அடியில் ஒரு பூட்டைப் போட்டார்கள். பக்கத்தில் ஒரு பலகை: 'மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை.' அவர்கள் நட்டது கம்பம். நெவியோவுக்கு முளைத்தது வம்பு.

நெவியோவைக் கோபக்காரர் என்று சொல்வது கடலை ஈரமானது என்று சொல்வது மாதிரி. ரேடியோவில் வானிலை வாசிக்கிற பெண்ணோடு தினம் சண்டை போடுகிறவர். மழை வரும் என்று அவள் சொல்லி வராவிட்டால் "புளுகுறா!" என்பார். வந்துவிட்டால் இன்னும் மோசம். "பாரு, சொன்ன மாதிரியே பண்ணிட்டா!"

அப்படிப்பட்டவர் கம்பத்துக்குச் சங்கிலி கட்டி, மறுமுனையை டிராக்டரில் மாட்டி, முறுக்கினார். டிராக்டர் கத்தியது. முன்சக்கரங்கள் அரை அடி எழும்பின. கம்பம் சும்மா இருந்தது.

வீட்டு ஜன்னல் திறந்தது. அவர் மனைவி ஒந்தீனா எட்டிப் பார்த்தாள்.

"யோவ், என்ன பண்ற?"

"கண்ணு தெரியலையா? பிடுங்கறேன்!"

"எதை?"

"கம்பத்தைடி!"

"ஓ. நான் டிராக்டரைத்தான் பிடுங்குறியோன்னு பார்த்தேன். அதுதான் ஆடுது."

நெவியோ பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் முறுக்கினார். பக்கத்து வீட்டு சில்வானோ வேலி மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரன். ஊரில் யாருக்கு என்ன அவமானம் நடந்தாலும் நேரில் கொண்டுபோய்ச் சேர்க்கும் பழக்கம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"டேய் நெவியோ! அசைஞ்சுதுடா!"

"எங்க? எந்தப் பக்கம்?"

"மன்னிச்சுக்க. நான்தான் தும்முனேன்."

அந்த நேரம் பார்த்து நாலு சைக்கிள்காரர்கள் வந்து நின்றார்கள். ஒருத்தர் படம் எடுத்தார். இது இந்த ஊர்த் திருவிழா என்று நினைத்தார்களோ என்னவோ, கை தட்டினார்கள். நெவியோ கண்ணை மூடிக்கொண்டு கடைசியாக ஒரு முறுக்கு முறுக்கினார். 'டணார்' என்று ஒரு சத்தம். டிராக்டரின் பின்கொக்கி கழன்று, சங்கிலியோடு பறந்துபோய்க் கம்பத்தின் காலடியில் விழுந்தது, பாத பூஜைக்கு வந்தது போல.

"காப்பி ஆறுது," என்றாள் ஒந்தீனா. ஜன்னல் மூடிக்கொண்டது.

அடுத்தது ஊராட்சி அலுவலகம். அது பாதையிலேயே எதிர்த்திசையில் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, பக்கத்து மலையூரில் இருந்தது. ஆனால் நெவியோ அங்கே போக முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கையெழுத்து தாமதமானதற்காக ஆபீஸ் முத்திரையை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டார். மன்னிப்புக் கேட்டால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். நெவியோ மன்னிப்புக் கேட்பதற்கு அந்தக் கட்டடமே எழுந்து நடந்து வரவேண்டும். அதனால் அன்று முதல் காகிதம், கையெழுத்து, ஆபீஸ் எல்லாம் ஒந்தீனாவின் பொறுப்பு. அவள்தான் காரை எடுத்துக்கொண்டு போனாள். மத்தியானம் திரும்பி வந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"என்னமோ சொன்னாங்க. விடு."

"என்னன்னு கேக்குறேன்ல?"

"சொன்னா கோவப்படுவ."

"நான் என்னிக்குடி கோவப்பட்டேன்?" என்று நெவியோ மேசையில் ஒரு குத்து விட்டார். ஆலிவ் எண்ணெய்க் குப்பி சாய்ந்தது.

ஒந்தீனா குப்பியை நிமிர்த்தினாள். மேசையைத் துடைத்தாள். நிதானமாகத் துடைத்தாள். "வண்டி கூடாதாம். நடந்து போகலாமாம், சைக்கிள்ல போகலாமாம். அப்புறம் மேயர் ஒரு வார்த்தை சொன்னாரு. 'பார்பா நெவியோவால இனிமே எங்க சைக்கிள் மிதிக்க முடியும், பாவம், வயசாச்சு. தார் ரோட்டுலயே சுத்திப் போகச் சொல்லுங்க'ன்னாரு."

பார்பா என்பது அந்தப் பக்கத்தில் பெரியவர்களைக் கூப்பிடும் மரியாதைச் சொல். நெவியோவுக்கு அந்த மரியாதையே முதல் அடி. 'பாவம்' இரண்டாவது அடி.

"பாவமா? எவன்டி பாவம்? நாளைக்கே சைக்கிள்ல போறேன்!"

"வேணாம்யா. உனக்கு மூட்டு வலி."

"எனக்கா? மூட்டா? எனக்கு மூட்டே கிடையாது!"

"ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும்!"

"சில்வானோ பார்த்தா..."

"அவன் பார்க்கணும்டி! அவன் பார்க்கறதுக்குத்தான் போறேன்!"

"என்னவோ. நான் சொல்லி நீ என்னிக்குக் கேட்ட," என்று ஒந்தீனா சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முகத்தை நெவியோ பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

மறுநாள் கொட்டகைக்குப் போனார். பன்னிரண்டு வருஷமாகக் கிடந்த பழைய சைக்கிள். ஆனால் டயர் இரண்டும் புதுசு. சரளையைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி அகலமாக, பல் பல்லாக இருந்தது. சங்கிலியில் எண்ணெய் மினுங்கியது. சீட் சரியாக அவர் உயரத்துக்கு நின்றது. வேறு யாராக இருந்தாலும் 'இதென்ன அதிசயம்' என்று ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள். நெவியோ யோசிக்கவில்லை. அவர் அப்போது மனசுக்குள் மேயரோடு பேசிக்கொண்டிருந்தார்.

முதல் நாள் மூன்று இடத்தில் இறங்கினார். இரண்டு இடத்தில் விழுந்தார். விழுந்து எழுந்து மறுபடி ஏறும்போதெல்லாம் சைக்கிளையும், மேயரையும், ரயிலைக் கண்டுபிடித்தவனையும் திட்டினார். அந்தச் சரளையில் சைக்கிள்தான் தடுமாறியது. வசவு சரளமாக வந்தது. குகைக்குள் போனபோது வசவு எதிரொலித்து அவரையே திட்டியது. அதற்கும் பதில் சொன்னார்.

ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டார். தோட்டத்தில் வேலை பார்த்தார். மறுபடி அதே சைக்கிளில் திரும்பி வந்தார். சில்வானோ வேலியோரம் நின்றான்.

"என்னடா, டிராக்டர் இளைச்சுப்போச்சு?"

நெவியோ பதில் சொல்லவில்லை. மூச்சு இருந்தால்தானே.

இப்படியே மே போயிற்று. ஜூன் வந்தது. தினமும் ஐந்து கிலோமீட்டர், சில நாள் இரண்டு நடை. சர்க்கரை ஏறிய உடம்பு சக்கரம் ஏறிப் பழகிவிட்டது. ஏறி உட்கார்ந்ததும் எதிரே மேயர் முகம் தெரியும். அதை மிதிப்பதாக நினைத்து மிதிப்பார். நன்றாக ஓடும்.

ஒரு நாள் எழுபது வயசு டச்சுக்காரத் தம்பதி அவரைத் தாண்டிப் போனார்கள். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்து ஏதோ சொன்னாள். மொழி புரியவில்லை. ஆனால் அன்பாகச் சொன்னாள் என்று புரிந்துவிட்டது. அதுதான் தாங்கவில்லை. பின்னாலேயே துரத்தினார். குகைக்கு முன்னால் நெஞ்சு கொல்லன் துருத்தி மாதிரி இரைந்து, ஒரு ஓக் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். ஜூலையில் ஒரு ஆஸ்திரியாக்காரனை மேட்டில் தாண்டினார். அவன் நாற்பது வயசுக்காரன். தாண்டியபின் திரும்பிப் பார்த்து அன்பாக ஏதோ சொன்னார். அன்று வீட்டில் சாப்பாட்டுக்கு உப்பு அதிகம் என்று சண்டை போட மறந்தே போனார்.

பேன்ட்தான் தொல்லை கொடுத்தது. இடுப்பில் நிற்க மறுத்தது.

"ஏ ஒந்தீனா! என்ன சோப்பு போட்டுத் துவைக்கிற? துவைச்சா துணி சுருங்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். இது பெரிசாகுது!"

"சோப்பை மாத்திடறேன்," என்றாள் ஒந்தீனா. பேன்ட்டை வாங்கி, வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு, இரண்டு விரல் உள்ளே பிடித்துத் தைத்தாள். வாயில் ஊசி இருந்ததால் அவளால் சிரிக்க முடியவில்லை.

ஒரு காலையில் குகையை விட்டு வெளியே வந்ததும் பாதையில் ஒரு காட்டுப்பன்றி நின்றது. பின்னால் ஆறு குட்டி. நெவியோ பிரேக் பிடித்தார். பன்றி அவரைப் பார்த்தது. அவர் பன்றியைப் பார்த்தார். டிராக்டரில் வந்த முப்பது வருஷத்தில் அது இவ்வளவு அருகில் வந்ததில்லை. குட்டிகள் ஒவ்வொன்றாகத் தாண்டும்வரை காலை ஊன்றிக்கொண்டு நின்றார். கீழே பள்ளத்தாக்கில் மூடுபனி. எங்கேயோ குயில். வேறு சத்தமே இல்லை. இரண்டு நிமிஷமாகத் தனக்குக் கோபமே வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பயந்துபோய் அவசரமாக மேயரை நினைத்துக்கொண்டார். நல்லவேளை, வந்துவிட்டது.

ஆகஸ்டில் இன்னொன்று நடந்தது. ஒரு வாலிபன் மோட்டார் சைக்கிளைக் கம்பத்தின் ஓரமாக நுழைத்துக்கொண்டு, சரளையை வாரியடித்தபடி வந்தான். நெவியோ தன் சைக்கிளைப் பாதைக்குக் குறுக்கே போட்டார்.

"படிக்கத் தெரியாதாடா உனக்கு? பலகையைப் பார்த்தியா இல்லையா? மோட்டார் வண்டிக்கு அனுமதி இல்லை! திருப்புடா வண்டியை!"

அவன் திருப்பிக்கொண்டு போனான். நெவியோ வெற்றியோடு பத்து மிதி மிதித்தார். பதினொன்றாவது மிதியில் தான் என்ன சொன்னோம் என்று காதில் விழுந்தது. அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. ஊரில் அவர் கோபித்துக்கொள்ளாத ஆள் அதுவரை அவர் ஒருவர்தான். அதுவும் தீர்ந்தது.

வீட்டுக்கு வருவதற்குள் சில்வானோ மூலமாகச் செய்தி வந்து சேர்ந்திருந்தது.

"ஏன்யா," என்றாள் ஒந்தீனா, "கம்பத்துக்கு நீதான் காவலாமே? சம்பளம் எவ்வளவு?"

செப்டம்பர் பிறந்தது. மல்வாசியாத் திராட்சை மஞ்சள் பூத்து, தொட்டால் விரலில் ஒட்டுகிற பதத்துக்கு வந்தது. இன்னும் இரண்டு நாளில் வெட்டவேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு மழை அடித்தது. தார் ரோட்டில் பாலத்துக்கு மேலே மலைச்சரிவு இறங்கி, ரோடு மூடிக்கொண்டது. சரி செய்ய ஒரு வாரம் ஆகும். மறுநாள் காலை ரேடியோக்காரி வாயைத் திறந்தாள். நாளை சாயங்காலம் பெரும் மழை. ஆலங்கட்டியும் விழலாம்.

நெவியோ ரேடியோவை அணைக்கவில்லை. சுவிட்சையே பிடுங்கிவிட்டார்.

ஒரு வருஷத்து உழைப்பு குகைக்கு அந்தப் பக்கம் கொடியில் தொங்குகிறது. தார் ரோடு இல்லை. பாதையில் கம்பம். ஆலங்கட்டி விழுந்தால் ஒயின் இல்லை, காடிதான். அதுவும் தரையில்.

"போறேன். மேயரா நானா, இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்!"

"போகாதய்யா," என்றாள் ஒந்தீனா. "ஒன்பது கிலோமீட்டர். கடைசி மூணு மேடு. உன்னால முடியாது."

'முடியாது' என்பதுதான் அவர் காதில் விழுந்த கடைசி வார்த்தை. சைக்கிள் கிளம்பிவிட்டது.

நாற்பது நிமிஷத்தில் ஊராட்சி ஆபீஸ் வாசலில் இருந்தார். மேட்டில் ஒரு இடத்தில்கூட இறங்கவில்லை. உள்ளே நுழைந்தார். மேசைக்குப் பின்னால் ரோசானா. முத்திரை பறந்த அன்று அந்த மேசையில் இருந்தவள் இவள்தான். அவள் முதல் காரியமாக முத்திரையை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தாள். அப்புறம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பார்பா நெவியோ! நீங்களா? அடையாளமே தெரியலையே! பாதியாயிட்டீங்க! எப்படி இருக்கீங்க?"

"கோவமா இருக்கேன்! கம்பத்தை எடு!"

"எந்தக் கம்பத்தை?"

"என் வீட்டுக்குப் பின்னால நிக்குதே, அதை! என் திராட்சை அங்க நிக்குது, நாளைக்கு ஆலங்கட்டி விழப்போகுது, நான் டிராக்டரைத் தலையில தூக்கிக்கிட்டா போவேன்?"

ரோசானா விழித்தாள். "ஏன் தூக்கணும்? பூட்டைத் திறந்தா கம்பம் படுத்துடும். மடக்குக் கம்பம்தானே. சாவி உங்க வீட்லதான இருக்கு?"

"என்ன சாவி?"

"பாதையோரமா நிலம் வச்சிருக்கறவங்களுக்கு ஆளுக்கு ஒரு சாவி. ஏப்ரல்லயே குடுத்தாச்சு. ஒந்தீனா அம்மா வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போனாங்க. நிலம் அவங்க அப்பா வழியில வந்தது, அவங்க பேர்லதான இருக்கு."

நெவியோ நாற்காலியைத் தேடினார். கிடைத்தது. உட்கார்ந்தார்.

"இன்னும் சொல்லப்போனா," என்று ரோசானா ஒரு கோப்பைப் புரட்டினாள், "கம்பம் நடச் சொல்லி மனு குடுத்ததே அவங்கதான். உங்களுக்குத் தெரியாதா?"

காகிதத்தை எடுத்து நீட்டினாள். ஒந்தீனாவின் கையெழுத்து. உருண்டையாக, அடித்தல் திருத்தல் இல்லாமல்.

'ஐயா, எங்கள் வீட்டுக்குப் பின்னால் வண்டி பாதையில் ஏறும் இடத்தில் ஒரு கம்பம் நடும்படி கேட்டுக்கொள்கிறேன். என் கணவர் கட்டிலிலிருந்து இறங்கி டிராக்டரில் ஏறுகிறார். டிராக்டரிலிருந்து இறங்கி நாற்காலியில் உட்காருகிறார். உடம்பு வேர்க்கவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானும் சொல்லிவிட்டேன். சொன்னால் அவர் அசையமாட்டார். கோபம் வந்தால் மட்டும் அசைவார். ஆகவே பார்த்தாலே கோபம் வரும்படியான நிறத்தில் கம்பம் இருந்தால் நல்லது. இப்படிக்கு, நில உரிமையாளர், ஒந்தீனா.'

"எங்ககிட்ட சிவப்பு வெள்ளைதான் இருந்துச்சு," என்றாள் ரோசானா, மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"மேயர்," என்றார் நெவியோ. "மேயர் என்னைப் பாவம்னு சொன்னாரே? வயசாச்சு, சைக்கிள் மிதிக்க முடியாதுன்னு?"

"ஏப்ரல் மாசமா? அந்த மாசம் முழுக்க அவரே இடுப்பு ஆபரேஷன் பண்ணிக்கிட்டுப் பாவம்னு படுத்திருந்தாரு. ஆபீஸ் பக்கமே வரலையே!"

ஐந்து மாதம். ஐந்து மாதமாகத் தினம் தினம் ஒரு மனுஷனின் முகத்தைச் சக்கரத்துக்கு அடியில் போட்டு மிதித்திருக்கிறார். அந்த மனுஷனோ அன்றைக்குக் கட்டிலில் படுத்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

திரும்பி வரும்போது நெவியோ யாரையும் திட்டவில்லை. அவருக்குத் தெரிந்த கோபமெல்லாம் தலையில் ஏறும், வாய் வழியாக வெளியே போகும், முடிந்துவிடும். இது வாய்க்கு வர மறுத்தது. ரோசானாவுக்குத் தெரியும். சில்வானோவுக்குத் தெரியும். டயர் மாட்டியது அவனாகத்தான் இருக்கும். ஊருக்கே தெரிந்திருக்கும். அவர் வேர்த்து விறுவிறுத்து ஒவ்வொரு நாளும் போய் வந்ததை எல்லாரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கண் எரிந்தது. வேர்வை என்று சொல்லிக்கொண்டார்.

வீட்டுக்குப் பின்னால் வந்தபோது கம்பம் நிற்கவில்லை. தரையோடு தரையாகப் படுத்திருந்தது. சரளையில் புது டிராக்டர்த் தடம். கொட்டகை காலி.

நெவியோ இறங்கவில்லை. தடத்தின் மேலேயே சைக்கிளை விட்டார். குகைக்கு முன்னால் பழைய ரயில் பாலத்தில் ஏறும்போது எதிரே குகைக்குள்ளிருந்து இரண்டு விளக்கு வந்தது. டிராக்டர். அதன் மேல் வைக்கோல் தொப்பியோடு ஒந்தீனா. பின்னால் டிரெய்லர் நிறைய மல்வாசியாப் பெட்டிகள். பெட்டிகளின் மேல் சில்வானோ.

நெவியோ சைக்கிளைப் பாலத்தின் நடுவில் குறுக்கே நிறுத்தினார்.

"ஓரமாப் போய்யா," என்றாள் ஒந்தீனா. "என் அக்கா பசங்க நாலு பேரு அங்க வெட்டிக்கிட்டிருக்காங்க. இன்னும் அஞ்சு நடை இருக்கு."

சொல்லவேண்டியது ஆயிரம் இருந்தது. அவர் வாயில் வந்தது இதுதான்: "இந்தப் பாதையில மோட்டார் வண்டிக்கு அனுமதி இல்லை!"

"சாவி இருக்கறவங்களுக்கு உண்டு."

"நான் வேணா இறங்கிக்கட்டுமா?" என்றான் சில்வானோ.

"நீ வாயை மூடு!" என்றார்கள் இருவரும். ஏப்ரலுக்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

"மனுவைப் படிச்சேன்," என்றார் நெவியோ. "எனக்குப் பைத்தியக்கார வேஷம் போட்டு ஊரைக் கூட்டி வேடிக்கை காட்டிட்ட. ஊரே சிரிச்சுது. நீயும் சிரிச்ச."

ஒந்தீனா எஞ்சினை நிறுத்தினாள். கீழே இறங்கி வந்தாள்.

"சிரிச்சேனா? பிப்ரவரில ரத்தம் சோதிச்ச காகிதத்தை எடுத்துக்கிட்டு உன் முன்னால வந்து நின்னேனே. டாக்டர் என்ன சொன்னாருன்னு சொன்னேனே. நீ என்ன சொன்ன?"

"அவன் ஒரு கழுதைன்னேன்."

"அப்புறம்?"

நெவியோ குனிந்து சைக்கிள் சங்கிலியைச் சரிபார்த்தார்.

"அப்புறம் டிராக்டர்ல ஏறிப் போயிட்ட. எங்கப்பா அந்தத் தோட்டத்துல ஏழாவது வரிசையில விழுந்தப்ப இப்ப உனக்கு இருக்கற வயசைவிட ரெண்டு கம்மி. நான்தான் போய்ப் பார்த்தேன். வெட்டுக்கத்தி கையிலேயே இருந்துச்சு. உன்னையும் ஒரு நாள் நான்தான் போய்ப் பார்க்கணுமா? அழுதா எரிச்சல்படுவ. கெஞ்சினா கத்துவ. வேற எந்த மொழியில உன்கிட்டப் பேசறது? முப்பத்தஞ்சு வருஷமா இந்த வீட்டுக் கோவத்தை எல்லாம் நீ ஒருத்தனே எடுத்துக்கிட்ட. எனக்கு ஒரு துளி வைக்கலை. இப்ப நான் கோவமா இருக்கேன்யா. எனக்கும் வருது, பாரு. ஓரமாப் போ!"

கடைசி வார்த்தை குகைக்குள் போய் மோதித் திரும்பி வந்தது. பெட்டியின் மேல் சில்வானோ தொப்பியைக் கழற்றிவிட்டான்.

நெவியோ அவளை இப்படிப் பார்த்ததே இல்லை. கழுத்து சிவந்திருந்தது. கைப்பிடியைப் பிடித்து மெதுவாகச் சைக்கிளை ஓரத்துக்குத் தள்ளினார். பாலத்துச் சுவரோடு ஒட்டி நின்றார்.

ஆனால் ஒரேயடியாகத் தோற்றுவிட முடியுமா? கால் நகர்ந்தாலும் வாய் நகரவில்லை.

"நாளையிலேர்ந்து இந்தச் சைக்கிளைத் தொடமாட்டேன்! டிராக்டர்தான்! தினம் டிராக்டர்தான்!"

ஒந்தீனா தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். கழுத்துச் சிவப்பு இறங்கியது. மேலங்கியின் பையில் கையை விட்டு ஒரு சின்னச் சாவியை எடுத்து நீட்டினாள்.

"சரி. நான் தோத்தேன். இந்தா, சாவியை நீயே வச்சுக்க. இனிமே எங்கிட்ட வந்து கேக்க வேணாம். உனக்கும் முடியலை. பாவம், வயசாச்சு."

பாவம்!

நெவியோ சாவியைப் பிடுங்கினார். பாலத்துச் சுவருக்கு மேலே கையை ஓங்கி, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து வீசி எறிந்தார். அது வெயிலில் ஒரு தடவை மினுங்கியது. கீழே, பத்து ஆள் ஆழத்தில், ஓக் மரங்களுக்குள் மறைந்தது.

"உன் சாவியும் வேணாம், உன் டிராக்டரும் வேணாம்! எனக்கு ரெண்டு கால் இருக்குடி! யார் முன்னாலயும் கை நீட்டமாட்டேன்!"

சைக்கிளில் ஏறி, டிராக்டரைத் தாண்டி, குகைக்குள் புகுந்தார். அன்று அவர் வெட்டிய வேகத்துக்கு ஒந்தீனாவின் அக்கா பிள்ளைகள் நாலு பேரும் ஈடுகொடுக்க முடியவில்லை. ஏழாவது வரிசையை வேறு யாரையும் தொடவிடாமல் அவரே வெட்டினார். மறுநாள் மத்தியானத்துக்குள் கடைசிப் பெட்டியும் வீடு வந்து சேர்ந்தது. சாயங்காலம் ரேடியோக்காரி சொன்ன மாதிரியே வானம் கறுத்து, கொட்டத் தொடங்கியது. ஆலங்கட்டி கொட்டகைக் கூரையில் தடதடவென்று இறங்கியது.

நெவியோ அடுப்படியில் காலை நீட்டி உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். மனசு நிறைந்திருந்தது. திராட்சை பிழைத்தது. மானமும் பிழைத்தது. என்ன எறி! சில்வானோவே வாயைப் பிளந்தான். நாளைக்கு ஊர் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிவான். எந்தச் சாவியை வைத்துக்கொண்டு அவள் ஆட்டம் காட்டினாளோ, அந்தச் சாவியையே தூக்கி அவள் கண் முன்னால் எறிந்தாயிற்று.

இதை ஒரு கிண்ணம் பிஸ்கா ஊற்றிக் கொண்டாடவேண்டும். பிஸ்கா அவரே புல்லுருவி இலை போட்டுக் காய்ச்சிய சாராயம், மூலை அலமாரியில் ஆறு குப்பி இருந்தது. எழுந்து போய்க் கதவை இழுத்தார். வரவில்லை. குனிந்து பார்த்தார். அலமாரியில் புதிதாக ஒரு பூட்டு தொங்கியது.

"ஏ ஒந்தீனா! இதென்னடி பூட்டு?"

ஒந்தீனா மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"டாக்டர் ரெண்டு விஷயம் சொன்னாரு. ஒண்ணு, உடம்பு வேர்க்கணும்னாரு. அது ஆச்சு. இன்னொண்ணு இது."

"சாவி எங்க?"

"நீதான எறிஞ்ச?"

"நான் எறிஞ்சது கம்பத்துச் சாவி!"

"அது என் கழுத்துல தொங்குது. சாவின்னுதான் சொன்னேன். கம்பத்துச் சாவின்னு சொன்னேனா?" ஒந்தீனா மாவைத் திருப்பிப் போட்டாள். "பாலத்துக்குக் கீழ எங்கியாவது கிடக்கும். மழை விட்டதும் போய்த் தேடு. பாலம் வரைக்கும் சைக்கிள் போகும்."